மாப்பிள்ளைக்கு ஒரு கண்ணாடி வீடு

பிறருக்குப் பொறுமையைப் போதிப்பதற்கென்றே பிறந்த ஓர் இனம் உண்டு. வெள்ளவத்தையில் எந்த மாடிக்குடியிருப்பின் லிஃப்டுக்குள் நுழைந்தாலும் அதில் ஒருவராவது அகப்படுவார். நீங்கள் பொத்தானை இரண்டாம் முறை அழுத்தினால், "தம்பி, அவசரப்படாதையும்" என்பார். நீங்கள் வருவதற்கு முன்னர் அதே பொத்தானைத் தேய்ந்துபோகும்வரை அழுத்தியவர் வேறு யார்?

எங்கள் கட்டடத்தில் இந்த இனத்தின் பிரதிநிதி பூபாலசிங்கம், வங்கியிலிருந்து ஓய்வுபெற்றவர். அவருடைய மனைவி மேனகா, சாப்பாட்டு மேசையில் ஓர் ஊறுகாய்ப் போத்தலுக்குள் ஃபைட்டர் மீன் வளர்க்கிறார். செட்டையை விசிறிக்கொண்டு ஒரு வேலையும் செய்யாமல் சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் எழும்பி வருவதால் அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர். போத்தலின் நெருக்கடியில் மாப்பிள்ளையின் செட்டை ஓரங்கள் கிழியத் தொடங்கியிருந்தன. அதற்கொரு நல்ல வீடு வேண்டும். மேனகா கேட்டது அவ்வளவுதான்.

வந்தது வீடு. கண்ணாடித் தொட்டி, மண், நீர்ச்செடிகள், அழகான மரக்கட்டை, தண்ணீரை வடிகட்டும் பில்டர். கூடவே வந்தது பிரசங்கம்.

"புதுத் தண்ணிக்குள்ள உடன மீனை விட்டா, அது தன்ர கழிவிலயே நஞ்சேறிச் செத்துப்போகும். அந்த நஞ்சைத் தின்னிற பக்டீரியா பில்டர் பஞ்சில குடியேற வேணும். சில கிழமை எடுக்கும். அதுவரைக்கும் கை வைக்கக் கூடாது. பொறுமை!"

காவலாளிக்குச் சொன்னார், மரக்கறிக்காரருக்குச் சொன்னார், வாயைத் திறந்து படுத்திருந்த நிலையிலும் பல் வைத்தியருக்குச் சொன்னார். அத்தனையும் உண்மை. அதுதான் கொடுமை.

ஏனென்றால், வீட்டுக்கு வந்ததும் அவருடைய கை அவருடைய பேச்சைக் கேட்பதில்லை. ஓர் இலை பழுத்தால், வேர் பிடித்துவிட்டதா என்று செடியைப் பிடுங்கிப் பார்ப்பார். கட்டையில் பாசிபோல் தீங்கில்லாத வெள்ளைப் படலம் படிந்தால் பழைய பல்துலக்கியால் தேய்ப்பார். பக்டீரியாவைக் கொன்றுவிடும் குளோரின் போகட்டும் என்று பல்கனியில் வாளி வாளியாகத் தண்ணீரைப் பிடித்துவைத்துக் காவல் இருப்பவர், பக்டீரியா குடியேற வேண்டிய அந்தப் பஞ்சை மட்டும் நேரே குழாயடிக்குக் கொண்டுபோய்க் குளோரின் தண்ணீரிலேயே கசக்கிப் பிழிந்து, தன் பெனியன்களுக்கு நடுவே கொடியில் காயப்போடுவார். சுத்தம்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனையிலிருந்து சம்பந்தி முத்துலிங்கம் வந்தார். தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்ன சம்பந்தி, தண்ணி பிளேன்டீ மாதிரிக் கிடக்கு? வடிவாக் கழுவேல்லையோ?"

அது மரக்கட்டையின் சாயம், மீனுக்கு நல்லது என்று லிஃப்டில் விளக்கியவரே பூபாலசிங்கம்தான். என்ன செய்ய, சம்பந்தி சொல்லிவிட்டாரே! சம்பந்தியின் கார் பக்கத்துப் பம்பலப்பிட்டியைத் தாண்டுவதற்குள் தொட்டி குளியலறையில் கவிழ்ந்து கிடந்தது. மாலையில் தண்ணீர் பளிங்காய் மின்னியது.

"இஞ்ச கொண்டாரும் மாப்பிள்ளையை. வீடு ரெடி."

மேனகா போத்தலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "பக்டீரியா வரவேணும் எண்டனீங்கள்?"

"அது வந்திட்டுது."

"எங்க?"

"கண்ணுக்குத் தெரியாதப்பா!"

"அப்ப, பஞ்சைக் கழுவேக்க அது போனதும் உங்கட கண்ணுக்குத் தெரியேல்லையாக்கும்."

பயனில்லை. மாப்பிள்ளை குடிபுகுந்தது. ஒரு நாள் கழியுமுன் செட்டையை ஒடுக்கி, மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு தொங்கியது. மேனகா அதை ஊறுகாய்ப் போத்தலுக்கே திருப்பியழைத்தார். அது பிழைக்கும்வரை கணவரோடு கதைக்கவில்லை.

நல்லகாலம், காணி அலுவலாகப் பூபாலசிங்கம் யாழ்ப்பாணம் போக நேர்ந்தது. காணிக் கந்தோர் அலுவலர்கள் அவரைப் பல கிழமைகள் பொறுமையாக இருக்கச் சொன்னார்கள். அந்த நாட்களில் தொட்டிக்கு மேனகா செய்த வேலை ஒன்றே ஒன்று. பில்டரை ஓடவிட்டு, சும்மா இருந்தார். செடி வேர்விட்டது. தண்ணீர் மறுபடி தேநீர் நிறமானது. பிறகுதான் மாப்பிள்ளையை விட்டார். கிழிந்த செட்டை மெல்ல மெல்லக் கூடி வளர்ந்தது.

வீடு திரும்பியவர் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "ஐயோ, இதென்ன ஊத்தை!" என்று சட்டைக்கையை மடித்தார்.

மேனகா தொட்டிக்கு முன்னால் வந்து நின்றார். "கை வைச்சியளெண்டா, உங்களைத்தான் ஊறுகாய்ப் போத்தலுக்க விடுவன்."

மறுநாள் லிஃப்டில் அவர் என்னிடம் சொன்னார்: "பாத்தீரோ தம்பி? எல்லாம் பொறுமையால வந்தது."

மாப்பிள்ளை இப்போது அந்தத் தேநீர்த் தண்ணீரில், வெள்ளைப் படலம் படிந்த கட்டையில் சாய்ந்து, செட்டையை விரித்தபடி சுகமாக உறங்குகிறது. இதை வாசித்ததும், 'அந்தக் கட்டையை மட்டும் ஒருக்கால் தேய்த்துவிட்டால் என்ன?' என்று உங்களுக்கும் ஒரு கணம் தோன்றியதா?

அப்படியானால், வாருங்கள். லிஃப்டில் இன்னும் ஓர் ஆளுக்கு இடமிருக்கிறது.