ஒற்றைக் குலவை

குலவை போடுவதில் சாக்கோட்டை வட்டாரத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நான் ஒரு காலத்தில் நம்பிக்கொண்டிருந்தேன். (இப்போதும் நம்புகிறேன். வெளியில் சொல்வதில்லை.) கோவிலோ கல்யாணமோ, நான் நாக்கைச் சுழற்றி ஆரம்பித்தால்தான் மற்ற பெண்கள் சேர்ந்துகொள்வார்கள். மூத்த மருமகள் என்ற பதவியில் எனக்குக் கிடைத்த ஒரே சுகம் அதுதான்.

அதற்கும் கேடு வந்தது. நாட்டுப்புறச் சத்தங்களை வைத்துப் புதுமாதிரி இசை செய்கிறேன் என்று சென்னையிலிருந்து ஒரு தம்பி வந்தார். கச்சேரிக்குக் குலவை போட ஓர் ஆள் வேண்டுமாம். என்னையும் என் ஓரகத்தி கவிதாவையும் போடச் சொல்லிக் கேட்டார்.

"உங்களுது ரொம்பச் சுத்தமா இருக்குங்க," என்றார் என்னிடம். "இவங்க குரல்ல ஒரு கீறல் இருக்கு. எனக்கு அதுதான் வேணும்."

கீறல் விழுந்த குடத்தை நாங்கள் பழைய பாத்திரக்காரரிடம் போட்டுவிடுவோம். இவர் மேடையில் ஏற்றுகிறார். பத்து நாள் எனக்கு வயிறு எரிந்தது. கவிதா தினமும் வெந்நீரில் தேன் கலந்து குடித்தாள். (பாடகியாம்.) தேன் பாட்டிலை ஒளித்து வைத்தது நான்தான் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

கோட்டையூரில் ஒரு பெரிய வீட்டு வளவு முற்றத்தில், மதியம் மூன்று மணிக்குக் கச்சேரி. எங்கள் ஊர்ப் பெண்கள் இருபது பேரோடு நான், கவிதா, மாமியார், என் கணவர் எல்லோரும் வேனில் போய் இறங்கினோம். ஒருவர் லேப்டாப்பைத் தட்டினார். ஒரு பெண் வயலினை வில்லின் மரப்பக்கத்தால் அடித்தாள். நாச்சியாபுரத்துக்காரர் ஒருவர் உறுமியை உரசினார். உறுமி நின்றதும் ஒரு நிமிடம் மௌனம், அதன்பின் கவிதா தனியாகக் குலவை போடுவார், வேறு யாரும் சத்தம் போடக்கூடாது என்று அந்தத் தம்பி முன்பே சொல்லியிருந்தார்.

உறுமி நின்றது. பட்டுச்சேலையில் (என் சேலை) கவிதா மைக் முன்னால் வந்து நின்றாள். அத்தனை தலையும் அவள் பக்கம் திரும்பியது. என்னால் தாங்க முடியவில்லை. அவள் வாயைத் திறக்குமுன் நான் திறந்துவிட்டேன்.

எங்கள் பக்கம் ஒருத்தி குலவை போட்டால் மற்றவர்கள் சும்மா இருக்கக்கூடாது. இருபது பேரும் சேர்ந்துகொண்டார்கள். குலவை காதில் விழுந்ததும் உறுமிக்காரருக்குக் கை நிற்கவில்லை. சாமி அழைக்கிற அடியை அடித்துவிட்டார். முன்வரிசை பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து, கூந்தல் அவிழ, என் மாமியார் எழுந்தார். எங்கள் குலசாமி கோவிலில் வருடாவருடம் அருள் வருவது அவருக்குத்தான்.

சென்னைக்காரர்கள் இதுவும் நிகழ்ச்சி என்று நினைத்துப் படம் பிடித்தார்கள். என் கணவர் வேப்பிலை கிடைக்காமல், மேடை அலங்காரத்துக்கு வைத்திருந்த குரோட்டன்ஸை ஒடித்து நீட்டினார்.

"ஆத்தா, என்ன வேணும், சொல்லு."

"என்னய யாருடா கூப்புட்டது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குள் கொஞ்சம் பெருமைகூட எட்டிப்பார்த்தது. "நாந்தான் ஆத்தா," என்று கைகூப்பினேன்.

"ஒன்னய யாரு போடச் சொன்னா? நான் சின்னவ கொலவயக் கேக்க வந்தேன். அவளப் போடச் சொல்லு. கேட்டுட்டு மலையேறுறேன்."

கவிதா போட்டாள். தனியாக. சாமி உத்தரவாயிற்றே, இருபது பெண்களும் மூச்சுவிடவில்லை. அந்தத் தம்பி கேட்ட மௌனம் அப்படியே கிடைத்தது. நன்றாகத்தான் இருந்தது. எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. அதற்காக அவளை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

சாமி மலையேறியதும் மாமியார் சோடா கேட்டார். திரும்பும்போது வேனில் மெல்ல விசாரித்தேன்.

"அத்தை, அருள்ல என்னமோ சொன்னீகளே, நெனப்பிருக்கா?"

"எனக்கென்ன தெரியும்? நீதான கிட்டக்க நின்ன," என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சின்ன மருமகள்மேல் அவருக்குப் பாசம் கூடுதல் என்பது தெருவுக்கே தெரியும். சாமிக்குமா என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

அதிலிருந்து, எந்த விசேஷத்திலும் குலவை நேரம் வந்தால் யாராவது ஒருவர் என் வாயில் ஒரு பலகாரத்தைத் திணித்துவிட்டுத்தான் மறுவேலை பார்க்கிறார்கள். போன மாதம் ஒரு கல்யாணத்தில் கவிதாவே அதிரசம் கொண்டுவந்தாள்.

"சும்மா சாப்புடுக்கா. நான் சுட்டதுதான்."

வாய் நிறைய மென்றுகொண்டே அவள் குலவையைக் கேட்டேன். அதிரசமும் நன்றாகவே இருந்தது.