மோட்டார் கொட்டாயில் மேஜிக்

மகள் சத்யாவின் ஐந்தாவது பிறந்தநாளுக்கு மேஜிக் ஷோ வைப்பதென்று கலைவேந்தன் தானாகவே முடிவெடுத்தார். பண்டசோழநல்லூரே மூக்கில் விரல் வைத்தது. அதுவரை அவர் தானாக எடுத்த ஒரே முடிவு, எந்தக் கடையில் யூரியா வாங்குவது என்பது. அதையும் மனைவி புவனேஸ்வரி மாற்றிவிடுவாள்.

"இன்னாங்க திடீர்னு?"

"பசங்க சந்தோஷமா இருக்கட்டுமேன்னுதான் புவனா."

"எவ்ளோ நேரம் நடக்கும்?"

"ஒரு மணி நேரம். யாரும் எழுந்திரிக்கவே மாட்டாங்க. நீயும்தான்."

அந்த 'நீயும்தான்' கொஞ்சம் அதிகப்படி. வாயை விட்டுப் போன பிறகுதான் அவருக்கே உறைத்தது. புவனா "சரிங்க" என்றாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் இவ்வளவு சுலபமாகச் 'சரிங்க' சொன்னதே இல்லை. அங்கேயே அவர் பயந்திருக்க வேண்டும்.

விஷயம் இதுதான். விழுப்புரத்திலிருந்து புவனாவின் அண்ணன் வீரமணி வருகிறார். போன வருஷம் காதுகுத்துக்கு வந்தவருக்குக் கிடைத்தது ஒரு பாட்டில் ஆரஞ்சு கலர். "தங்கச்சியைப் பாண்டிச்சேரில குடுத்துட்டு கலர் குடிச்சிட்டு வந்த ஒரே ஆளு நான்தான்" என்று அவர் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சொல்லித் தீர்த்துவிட்டார். எல்லை தாண்டி வருகிற மச்சானின் தொண்டையை நனைக்காமல் அனுப்பினால் ஒரு பாண்டிச்சேரிக்காரன் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பது? இந்த முறை மானத்தை மீட்டே ஆக வேண்டும். ஆனால் புவனாவுக்கு அந்த வாடை கேட்டைத் தாண்டி உள்ளே வரக்கூடாது.

அதற்குத்தான் மேஜிக். கலைவேந்தன் படமே வரைந்துவிட்டார். கேட்டுப் பக்கம் மேடை. அதன் எதிரே ஜமக்காளத்தில் பிள்ளைகள், அவர்களுக்குப் பின்னால் பெண்களுக்கு நாற்காலி. எல்லார் முதுகுக்கும் பின்னால், கரும்புக் கொல்லையை ஒட்டி மோட்டார் கொட்டாய். அதற்குக் கதவு கிடையாது, ஒரு சாக்குப் படுதாதான். உள்ளே யூரியா மூட்டைக்கு அடியில், பெரிய கலர் பாட்டிலில் முதல் நாளே ஊற்றி ஒளித்து வைத்த ரம்.

கேக் வெட்டியதும் கலைவேந்தன் கண்ணடித்தார். "மச்சான், கரும்பைப் பாத்துட்டு வரலாமா?"

"ரொம்ப நாளா பாக்கணும்னு இருந்தேன் மாப்ள."

கொட்டாய்க்குள் உட்கார்ந்து, அவித்த முட்டையைப் பிரித்து, ஆளுக்கொரு டம்ளர் ஊற்றினார்கள். வீரமணி ஒரு வாய் குடித்தார். யோசித்தார்.

"மாப்ள, இது ஒரு மாதிரி ஸ்மூத்தா இருக்குதே."

கலைவேந்தனுக்கும் நாக்கில் ஏதோ இடறியது. ஆனால் மச்சானிடம் விட்டுக்கொடுக்க முடியுமா?

"பாண்டில இப்ப புதுசா வந்துக்கிற ஐட்டம் மச்சான். மெதுவாதான் ஏறும்."

"ஏறுது ஏறுது" என்றார் வீரமணி அவசரமாக. விழுப்புரத்துக்காரனுக்குச் சரக்கு தெரியாது என்றாகிவிடக்கூடாதே. மூன்றாவது டம்ளரில் நாக்கு குழறியது. "நீ எனக்கு மாப்ள இல்லடா... என் உசுரு..."

அப்போது காதருகே ஒரு குரல்: "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்... கரண்டே வரலையே."

இருவரும் உறைந்தார்கள். சாக்கின் ஓட்டை வழியே பார்த்தால் வெளியே ஒரே கறுப்பு. மேஜிக் சூசைநாதனின் கறுப்புத் திரை. கேட்டுப் பக்கம் இருந்த மேடை கொட்டாய் வாசலுக்கே வந்துவிட்டது.

"கேட்டாண்ட வெச்சா ரோட்ல போறவன் வர்றவன்லாம் பின்னால நின்னு உங்க வித்தையைப் பாத்துருவான் சார்" என்று புவனாவின் குரல் கேட்டது. "இங்க பின்னால ஒருத்தரும் இருக்க மாட்டாங்க."

"தொழில் தெரிஞ்சு பேசறீங்கம்மா."

ஜன்னல் வழியே மைக் ஒயர் ஒன்று உள்ளே வந்து ஆடியது. பிளக் கொட்டாய்க்குள்தான் இருக்கிறது. யாராவது சொருக வந்தால் தொலைந்தது. கலைவேந்தன் பூனைபோல நகர்ந்து தானே சொருகி, சுவிட்சையும் போட்டார். மைக் உயிர் பெற்றது. யாரும் உள்ளே வரவில்லை. தன் சாமர்த்தியத்தை அவரே மெச்சிக்கொண்டார்.

வெளியே முயல் வந்தது, புறா வந்தது, கைதட்டல் வந்தது. உள்ளே கொசு வந்தது. வீரமணிக்குத் தும்மல் வந்தது. கலைவேந்தன் ஒரு முழு முட்டையை மச்சான் வாயில் திணித்து அதை அடக்கினார்.

"அன்புக் குழந்தைகளே" என்றார் சூசைநாதன், தொண்டையில் வெண்கலம் கட்டியவர்போல. "காணாமல் போன எதையும் இந்தச் சூசைநாதன் வரவழைப்பான். இந்த வீட்டில் காணாமல் போனது என்ன?"

சத்யா எழுந்தாள். அம்மாவை ஒரு முறை பார்த்தாள். புவனா தலையசைத்தாள்.

"எங்கப்பா. அப்புறம் மாமா."

"ஒன்று... இரண்டு... மூன்று."

கறுப்புத் திரை விழுந்தது. அதோடு முடிச்சுப் போட்டிருந்த சாக்கும் கூடவே வந்தது. அங்கே கையில் டம்ளரோடு கலைவேந்தன். வாயில் முட்டையோடு, உட்கார்ந்தபடியே ஆடிக்கொண்டிருக்கும் வீரமணி. முயலுக்குக்கூட அவ்வளவு கைதட்டல் விழவில்லை. முன்வரிசையில் வீரமணியின் மனைவி கஸ்தூரி செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

"கஸ்தூரி, எனக்கு ஒண்ணும் தெரியாது, மாப்ளதான் ஊத்திக் குடுத்தாரு" என்று குழறினார் வீரமணி.

"அண்ணியைப் பாத்துப் பயப்படாதண்ணே" என்றாள் புவனா, உட்கார்ந்த இடத்திலிருந்தே. "காலையில நான் மாத்தி ஊத்தின கடுங்காப்பிதான் அது. சக்கரை போதுமா?"