ஸ்லாவாவுக்கு முந்தின நாள் நிரம்பிய குழி

கழிவறையில் ஊற்றிய தண்ணீர் கீழே போகவில்லை. மேலே வந்து எட்டிப் பார்த்தது.

"குழி ரொம்பிடுச்சு," என்றான் ராதோயே, ஏதோ நல்ல செய்தி போல.

அவன் மனைவி ஸ்டாமென்கா காலண்டரைப் பார்த்தாள். மறுநாள் புனித நிக்கோலாஸ் நாள், அவர்கள் வீட்டு ஸ்லாவா. குலப்புனிதரின் அந்த விருந்துக்கு யாரையும் அழைப்பதில்லை. வருகிறவர்களைத் தடுப்பதும் இல்லை. ஊரே வரும். பெல்கிரேடிலிருந்து ராதோயேயின் அக்கா தோப்ரிலாவும் வருவாள். ஸ்டாமென்கா சமைத்ததை ஒவ்வொரு வருடமும் பேசாமல் மென்று, ஒற்றைப் புருவத்தை மட்டும் உயர்த்துகிறவள். அந்தப் புருவத்துக்குப் பயந்தே ஸ்டாமென்கா பாதி வாழ்க்கையை ஓட்டியிருந்தாள்.

"குழி உறிஞ்சுற லாரிக்காரனக் கூப்பிடு."

"கூப்பிட்டேன். அவன் வீட்லயும் நாளைக்கு ஸ்லாவாவாம். மீன் வாங்கப் போயிட்டான்."

செல்போனில் தேடினாள். ஈஸ்ட்டைச் சர்க்கரைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் குழி தானாக வற்றும் என்றது ஓர் இணையதளம். ஊற்றினாள். வற்றவில்லை, பொங்கியது. குளியலறை முழுக்க நுரை. போதாக்குறைக்கு, அது ஸ்லாவா ரொட்டிக்கு வைத்திருந்த ஈஸ்ட்.

"சாமிக்கு வெச்சத சாக்கடைக்குப் படைச்சிட்டியே!"

"சிரிச்சது போதும், தொடப்பத்த எடு."

இன்னொரு இணையதளம் வினிகர் ஊற்றச் சொன்னது. நுரை அடங்கியது. நாற்றம் எழுந்து வந்து கூடத்தில் விருந்தாளி போல உட்கார்ந்துகொண்டது.

கடைசியில், வட்டாரத்துக் குடிநீர், கழிவுநீர் விவரங்களுக்கான ஃபேஸ்புக் பக்கத்தில், பெயர் போடாமல் தன் கதையை எழுதி உதவி கேட்டாள். ஒரே ஒரு பதில் வந்தது: "தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தவும்."

மறுநாள், இரவல் ஈஸ்ட்டில் ரொட்டி எப்படியோ உப்பிவிட்டது. பாதிரியார் வந்து அதை வெட்டினார். மீன் போனது, அவரைக் குழம்பு போனது, பிளம் சாராயம் ஆறாக ஓடியது. ஒவ்வொரு கோப்பையை நிரப்பும்போதும், இது எங்கே போய் இறங்கப்போகிறதோ என்று ஸ்டாமென்கா கணக்குப் போட்டாள்.

ஆனால் ஒருவரும் கழிவறை எங்கே என்று கேட்கவில்லை. ஒவ்வொருவராக எழுந்தார்கள். வாசலில் நின்ற தோப்ரிலா அவர்கள் காதில் ஏதோ கிசுகிசுத்தாள். உடனே கோட்டுகூடப் போடாமல் பனியில் இறங்கிப் போனார்கள். பாதிரியாரும் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். திரும்பி வந்து முன்னைவிட உற்சாகமாகச் சாப்பிட்டார்கள்.

தன் சமையலைப் பற்றித்தான் ஏதோ ஓதுகிறாள் என்று ஸ்டாமென்கா முடிவு செய்தாள். இத்தனை வருடம் விழுங்கியதெல்லாம் தொண்டைக்கு வந்தது.

"அண்ணி, வர்றவங்க காதுல என்ன சொல்றீங்க? என் மானத்த வாங்கத்தான் இவ்வளவு தூரம் வந்தீங்களா?"

தோப்ரிலாவின் புருவம் உயர்ந்தது.

"பக்கத்து வீட்டுக் கக்கூசுக்கு வழி சொல்றேன்டி, 'பெல்கிரேட் நாத்தனாருக்கு மட்டும் தெரியவே கூடாது'ன்னு நீ எழுதினத உங்க ஊர்ல அத்தன பேரும் எனக்குத்தான் மொதல்ல அனுப்பி வெச்சாங்க!"