எடைமேடை அண்ணன் வாங்கிய போன்

பாகூர் கொம்யூனில், அதாவது எங்கள் பஞ்சாயத்து வட்டாரத்தில், யாராவது உருப்படியான போன் வாங்கியிருந்தால் அதற்கு எடைமேடை அண்ணன்தான் காரணம். யாராவது போனே வாங்காமல் கடைப்படியை விட்டு இறங்கிப் போயிருந்தால் அதற்கும் அவர்தான் காரணம். இதில் இரண்டாவது வகையினர்தான் அதிகம் என்று நான் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்வேன். ஏனென்றால் அவர்கள் இறங்கிப்போன படி என் கடைப்படி.

இப்படிப் பத்திரிகைக்கு எழுத வருவதற்கு முன்னால் பாகூரில் ஒரு செல்போன் கடை வைத்திருந்தேன். பத்துக்கு எட்டு இடம். ஒரு கண்ணாடி மேசை, ஒரு ஃபேன், இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல். ஒரு ஸ்டூல் வாடிக்கையாளருக்கு, இன்னொன்று எடைமேடை அண்ணனுக்கு. அவருக்கு நான் ஸ்டூல் கொடுக்கவில்லை, அவராக எடுத்துக்கொண்டார்.

ரேஷன் கார்டில் அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். ஊருக்கு அது தேவைப்படவில்லை. சர்க்கரை ஆலையில் கரும்பு வண்டிகளை எடை போடும் மேடையில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு சோரியாங்குப்பத்திலிருந்து சைக்கிள் மிதித்து வருவார். வெள்ளைச் சட்டை, பையில் பேனா, இடுப்பில் எண்கள் தேய்ந்துபோன ஒரு பட்டன் போன். வந்து ஸ்டூலில் உட்கார்ந்து துண்டால் முகம் துடைத்த பிறகு கேட்பார்.

"இன்னா தம்பி, புதுசா எதுனா எறங்கியிருக்குதா?"

எறங்கியிருந்தால் அன்றைக்கு என் வியாபாரம் அம்பேல்.

அவருடைய முறையைச் சொல்லிவிடுகிறேன். ஆலையில் கரும்பு வண்டியை இரண்டு தடவை எடை போடுவார்கள். முதலில் லோடோடு, அப்புறம் கரும்பை இறக்கிவிட்டு வெறும் வண்டியை. வித்தியாசத்திலும் வேர், மண், காய்ந்த இலை என்று கொஞ்சம் கழிப்பார்கள். அந்தக் காய்ந்த இலைக்குச் சோகை என்று பெயர். எல்லாம் போக மிச்சம் இருப்பதுதான் கரும்பு. அண்ணன் போனை மட்டுமல்ல, கட்சிக்காரர்களின் வாக்குறுதி, டீக்கடை போண்டா, ஊர்க் கல்யாணம் எல்லாவற்றையும் இதே மேடையில்தான் ஏற்றினார்.

அந்த வருஷம் பத்தாயிரத்துக்குள் ஒரு 5ஜி போன் வந்தது. கம்பெனி பெயர் நமக்கெதற்கு? மூன்று கேமரா, இரண்டு நாள் நிற்கும் பேட்டரி, கையகலத்துக்கு மேல் திரை. கடை முழுக்க அதன் போஸ்டரை ஒட்டிவிட்டு நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு காத்திருந்தேன். முதலில் வந்தது அவர்தான்.

"லோடு சொல்லு."

மூச்சு விடாமல் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"நல்லாருக்குது. இப்ப எறக்கு."

"சார்ஜர் பொட்டியில வராதுண்ணே. தனியா வாங்கணும்."

"விருந்துக்குக் கூப்டுட்டு, எலைய உங்க வூட்லேர்ந்து எடுத்துக்கினு வான்னு சொல்றானா? கழிச்சுக்க. அப்புறம்?"

"லாக்குல இருக்கும்போது விளம்பரம் வரும்."

"நம்ம வூட்டுக் கதவுல அவன் நோட்டீசு ஒட்டுவானா? கழிச்சுக்க. அந்த 5ஜி சோரியாங்குப்பத்துல எடுக்குமா?"

"சீக்கிரம் வந்துடும்ணே."

"வரும்போது சேத்துக்கலாம். இப்ப கழிச்சுக்க."

பிறகு போனைத் திருப்பி மூன்று கேமராக்களையும் பார்த்தார். கேமராவைத் திறக்கச் சொன்னார். ஒரு லென்ஸைக் கட்டைவிரலால் மூடினார். திரை இருட்டானது. அடுத்ததை மூடினார். திரையில் என் மூஞ்சி அப்படியே தெரிந்தது. மூன்றாவதையும் மூடினார். அப்போதும் என் மூஞ்சிதான், ஆனால் கொஞ்சம் அசடு வழிந்தது. கடையில் நின்றிருந்த இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

"மூணு கண்ணுல ஒண்ணுதான் பாக்குது. மத்த ரெண்டும் சோகை" என்று தீர்ப்புச் சொன்னார். எட்டிப் பார்த்த இரண்டு பேரும் அப்படியே இறங்கிப் போய்விட்டார்கள்.

நியாயத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். நல்லதையும் அவர் மறைக்க மாட்டார். போனை வாசலுக்கு எடுத்துப்போய் மேற்கு வெயிலுக்கு நேராகப் பிடித்து, "வெயில்ல எழுத்து தெரியுதுபா, இது நெசம்" என்றார். "சத்தம் கணீர்னு இருக்குது. களத்துல டிராக்டர் ஓடும்போதுகூட கேக்கும்." நானும் இன்று வாங்கிவிடுவார் போலிருக்கிறது என்று பில் புத்தகத்தைத் திறப்பேன். "நாளைக்கி வந்து இன்னொரு தபா பாத்துடறன்" என்று சைக்கிளை எடுத்துவிடுவார். மூன்று வாரம் இப்படியே போயிற்று. ஒரே போனை மூன்று வாரம் எடை போட்ட மனிதர் இந்தப் பூமியில் இன்னொருவர் இருக்க வாய்ப்பில்லை.

எடை என்று நான் சொல்வது நிஜமான எடையையும் சேர்த்துத்தான். பெட்டியில் நூற்றுத் தொண்ணூறு கிராம் என்று அச்சடித்திருந்தது. அவரால் சும்மா இருக்க முடியவில்லை. போனை எடுத்துக்கொண்டு பக்கத்து மளிகைக்கடைக்குப் போய் மின்தராசில் வைத்துவிட்டார். இருநூற்று ஐந்து காட்டியது. மூலைக்கு மூலை நகர்த்திப் பார்த்தார், அதே இருநூற்று ஐந்து.

"கம்பெனிக்காரன் கம்மியா எழுதிட்டானா, இல்ல இங்க ஏறுதா?" என்று சத்தமாக யோசித்தார். பருப்பு வாங்கக் காத்திருந்த நான்கு பெண்களும் அவரோடு சேர்ந்து யோசிக்க ஆரம்பித்தார்கள். ஒரு அம்மா தாலிச் செயினைக் கழற்றி வைக்கவே போய்விட்டார். மளிகைக்கடைக்காரர் தராசுக்கு அடியில் கையை விட்டு எதையோ தட்டினார். போன் உடனே பதினைந்து கிராம் இளைத்தது. அதற்குப் பிறகு அந்த மனிதர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். தராசைத் தொட்டது எடைமேடை, பகை வந்தது எனக்கு.

எல்லாவற்றுக்கும் ஒரு எல்லை உண்டு. அபிஷேகப்பாக்கத்தில் நடவு வேலைக்குப் போகிற ஒரு அக்கா, மகள் அனுப்பிய பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு அந்த 5ஜி போனை வாங்க வந்தார். எனக்கு அது அந்த வாரத்தின் முதல் பெரிய வியாபாரம். போனை எடுத்துக் கையில் கொடுத்தேன். ஸ்டூலிலிருந்து குரல் வந்தது.

"யம்மா, மொதல்ல வெரல வெச்சுப் பாரு."

அக்கா விரலை வைத்தார். பூட்டு திறக்கவில்லை. பதிவே ஆகவில்லை. வருஷக்கணக்காகச் சேற்றில் நாற்று நட்ட விரல், ரேகை தேய்ந்து வழவழவென்று இருந்தது. பத்து விரலையும் வைத்துப் பார்த்தாயிற்று. "நம்பர் போட்டுத் தெறக்கலாங்க்கா" என்று நான் சொல்வதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார்.

"வெரல் பூட்டுக்கும் சேத்துத்தான வெல வெச்சிருக்கான்? உனக்கு அது வேல செய்யாது. அது இல்லாத பழைய மாடல் கம்மி வெலையில வரும். வில்லியனூர்ல கேட்டுப் பாரு."

அக்கா கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். வில்லியனூருக்கு. என் கடையில் உட்கார்ந்துகொண்டு என் வாடிக்கையாளரை வில்லியனூருக்கு அனுப்பிவிட்டார்.

எனக்கு நாக்கில் சனி. "வாங்கறதுன்னா வாங்குங்க, இல்லன்னா எழுந்து போங்கண்ணே. இது கடை. நீங்க பொழுது போக்கற எடம் இல்ல" என்று கத்திவிட்டேன்.

அவர் ஸ்டூலிலிருந்து எழுந்தார். சட்டைக்குள் கையை விட்டு மடித்து வைத்திருந்த பணத்தை எடுத்து மேசையில் வைத்தார். "குடு" என்றார். லோடு கேட்கவில்லை, எறக்கச் சொல்லவில்லை. பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. சைக்கிள் ஹேண்டில் பாரில் பையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அந்தப் பணம் மூன்று வாரமாக அவரிடம் இருந்திருக்கிறது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

முதல் நான்கு நாள் கடை சொர்க்கம். ஸ்டூல் காலி, வாய் காலி. ஐந்தாவது நாள் பூரணாங்குப்பத்திலிருந்து வந்த ஒரு மீன்காரர் எல்லாப் போனையும் புரட்டிப் பார்த்துவிட்டு, "எடைமேடை இன்னிக்கி வர்லியா? அவரு வரட்டும், கேட்டுட்டு வாங்கறன்" என்று போய்விட்டார். அடுத்த நாள் இரண்டு பேர் அதையே சொன்னார்கள். எங்கள் பக்கத்தில் என் வாக்கை நம்பி ஒருவரும் போன் வாங்கியதில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அது ஒரு பக்கம் இருக்கட்டும். ஐந்து மணி ஆனால் நான் வாசலையே பார்க்க ஆரம்பித்திருந்தேன். வராத சைக்கிளுக்காக இரண்டு டீ சொல்லிவிட்டு இரண்டையும் நானே குடித்தேன்.

பத்து நாள் பொறுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோரியாங்குப்பம் போனேன். ஆற்றோரமாக ஓட்டு வீடு. கூட இருந்த தம்பி குடும்பம் வில்லியனூர்ப் பக்கம் வீடு கட்டிக்கொண்டு போய்விட்டதால் பாதி வீடு பூட்டிக் கிடந்தது. மீதிப் பாதியில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, முந்தின நாள் பேப்பரை வரி விடாமல் படித்துக்கொண்டிருந்தார். அலமாரியில் அந்த போன். பெட்டியின் மேல் ஒட்டிய காகிதம்கூடக் கிழியவில்லை.

"கோவத்துல சொல்லிட்டன்ணே, மனசுல வெச்சுக்காதீங்க" என்றேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. குந்து."

"போனைப் பிரிக்கவே இல்லியே?"

"பிரிச்சு?"

"பேசறதுக்குத்தான்ணே."

"யாருகிட்ட?"

நான் பூட்டிக் கிடந்த பாதி வீட்டைப் பார்த்தேன். அவரே பேப்பரை மடித்தபடி சொன்னார்.

"வாங்காத வரைக்கும் உன் கடைக்கு வர்றதுக்கு எனக்கு ஒரு வேல இருந்துச்சு தம்பி. இப்பதான் வாங்கிட்டனே. இனிமே இன்னான்னு சொல்லிக்கினு வர்றது?"

மூன்று வாரமாகப் போனில் என்னென்ன குறை என்று தேடியது எதற்கு என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது. பேச்சை மாற்றுகிறேன் பேர்வழி என்று, ஊரில் எல்லோரும் கேட்கத் தயங்குவதை நான் கேட்டுத் தொலைத்தேன். "ஏண்ணே கல்யாணமே பண்ணிக்கல?"

கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். சிரித்தார்.

"பதினோரு எடம் போய்ப் பாத்தன். ஒவ்வொண்ணுலயும் இது சரியில்ல, அது சரியில்லன்னு கழிச்சிக்கினே வந்தன். எல்லாத்தயும் கழிச்சப்புறம் பாத்தா மிச்சம் நான் ஒருத்தந்தான் நிக்கறன்."

சொல்லிவிட்டு எழுந்துபோய் எனக்கு ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். நான் அவரைக் கேட்காமலே அலமாரியிலிருந்த பெட்டியைப் பிரித்தேன். பழைய போனிலிருந்த சிம்மை எடுத்துப் போட்டேன். அதில் நான்கே நம்பர்கள் இருந்தன. சிலிண்டர், கரண்ட் ஆபீஸ், தம்பி வீடு, ஆலை. ஆலையின் நம்பரில் இப்போது எடுக்க ஆளில்லை, ஆனாலும் வைத்திருந்தார். ஐந்தாவதாக என் நம்பரைப் போட்டு, எப்படிக் கூப்பிடுவது என்று காட்டிக் கொடுத்தேன்.

"நாளைக்கி கடைக்கு வாங்கண்ணே" என்றேன். "போனுக்காக வாணாம். நீங்க இல்லாம கடையில உக்காந்திருக்க எனக்குப் புடிக்கல. அவ்ளோதான்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். முப்பது வருஷம் லோடு வண்டிகளைப் பார்த்த கண். கடைசியில், "சரி, வரன். ஆளு வந்தா உள்ளத உள்ளபடிதான் சொல்லுவன்" என்றார்.

"சொல்லுங்க."

நான் புறப்பட்டபோது வெயில் தாழ்ந்திருந்தது. பாகூர் தாண்டி அபிஷேகப்பாக்கம் வந்து, என் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி ஸ்டாண்டு போட்டேன். உள்ளே டிவி சத்தம், பிள்ளைகளின் சண்டை, குழம்பு தாளிக்கிற வாசனை. அப்போது போன் அடித்தது.

"தம்பி, நான்தான். வூடு போய்ச் சேந்துட்டியா?" குரல் உண்மையிலேயே கணீரென்று இருந்தது.

என் மனைவி கதவைத் திறந்து, யார் என்று கையால் கேட்டாள். நான் இரு என்று சைகை காட்டிவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்தேன்.

"இல்லண்ணே, இன்னும் போகல."

"வண்டி ஓட்டிக்கினே பேசாதடா."

"ஓரமா நிறுத்திட்டன்ணே. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. நீங்க பேசுங்க."