பெண் பார்க்க ஒரு மூன்று செல் டார்ச்

குழப்பம் வேண்டாம் என்று நினைப்பவன் ஒரு சாமானை வாங்கலாம். இன்னொன்றோடு ஒப்பிட்டுப் பார்க்கக் கூடாது. ஆனால் நான் வேலை பார்த்தது, மூன்று இடத்தில் விலை கேட்காமல் குண்டூசிகூட வாங்காத இலாகா. பெண் பார்க்கும் விஷயத்திலும் நடைமுறையை விட முடியவில்லை.

ஐம்பதுகளின் நடுவில் செங்கல்பட்டில் எனக்குக் குமாஸ்தா உத்தியோகம். பெண்ணுக்கு ஊர் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில், மின்சாரம் எட்டிப் பார்க்காத ஒரு கிராமம். நல்ல நேரமோ பொழுது சாய்ந்த பிறகுதான் வாய்த்தது. பார்த்துத் திரும்பும்போதே சரியா இல்லையா என்று சொல்லிவிட வேண்டும் என்பது அம்மாவின் கட்டளை. அரிக்கேன் வெளிச்சத்தில் என்னத்தைப் பார்ப்பது? (அந்தக் காலத்தில் பார்ப்பது அந்த ஒரு தடவைதான். அடுத்தது முகூர்த்தம்.) மூன்று செல் டார்ச் ஒன்று வாங்கினேன்.

அக்காள் கணவரைச் சுவரோரம் நிறுத்திச் சோதித்தேன். வெளிச்சம் அப்பளம் அளவுக்கு விழுந்தது. மூக்கு மட்டும் பளிச்சென்று தெரிந்தது, மற்றதெல்லாம் இருட்டு. போதாக்குறைக்கு, ஒரு பெண்ணின் முகத்தில் நேராக டார்ச் அடிப்பது மரியாதையும் அல்ல (அது போலீஸ்காரர் வேலை). ஆகவே வெளிச்சத்தைப் பரப்ப வேண்டும். டார்ச்சின் முகப்பில் மல் துணி கட்டினேன். மாமாவின் முகத்துக்குக் காமாலை வந்தது. எண்ணெய் தடவிய காகிதம் பரவாயில்லை, ஆனால் நடுவில் அந்த ஒரு பொட்டு வெளிச்சம் போகவே இல்லை. ஆபீசில் கிராம வரைபடம் எடுக்கும் டிரேசிங் துணி வெகு இதம். மாமாவே லட்சணமாகத் தெரிந்ததால் அதை நம்பலாமா என்று சந்தேகம் வந்தது. மறுபடியும் மல் துணி. கடைசியில் எதில் எப்படித் தெரிந்தது என்பதே மறந்துபோயிற்று.

"டேய், இன்னாடா இது, என்னியா கட்டிக்கப் போற?" என்றார் மாமா.

முடிவாக, டார்ச்சை ஒரு சொம்பில் நிமிர்த்தி வைத்து, மேலே டிரேசிங் துணியைக் கூடாரமாகக் கவிழ்த்தேன். அறை முழுக்க வெளிச்சம். யார் முகத்திலும் அடித்ததாகப் பெயரும் இல்லை.

நாங்கள் போன அன்று மதியம் நல்ல மழை. பெண் வீட்டு முற்றத்தில் ஒரே ஒரு அரிக்கேன், அதன் கீழே ஒரு தாம்பாளத்தில் தண்ணீர். உள்ளே கும்மிருட்டு.

"வெளக்க உள்ள வைக்கலீங்க. மழ பெஞ்சதுல..." என்று பெண்ணின் அப்பா ஆரம்பித்தார்.

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பெண்ணின் முகத்தை மறைக்கிறார்கள். "பரவாயில்லை, கையோடு கொண்டுவந்திருக்கிறேன்" என்று சொம்பை என் முன்னால் வைத்து டார்ச்சை ஏற்றினேன்.

கூடம் பகலாயிற்று. வளையல் போட்ட கை ஒன்று பஜ்ஜித் தட்டோடு வந்தது. அந்தக் கையிலிருந்து முகத்துக்குக் கண்ணை உயர்த்துவதற்குள் ஊரிலுள்ள ஈசல் அத்தனையும் உள்ளே வந்துவிட்டது. துணியில், பஜ்ஜியில், என் தலையில், சட்டைக்குள். ஐயோ என்று வாயைத் திறந்தேன், அங்கேயும். முற்றத்து அரிக்கேனும் தாம்பாளமும் எதற்கு என்று அப்போதுதான் விளங்கியது.

"அத்த அணச்சிட்டு, வாய மூடிக்கினு இருங்க" என்றது ஒரு பெண் குரல்.

அணைத்தேன். இருட்டில் யாரோ சிரிப்பை அடக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

திரும்பும் பஸ்ஸில் அம்மா கேட்டாள்: "எனுக்கு ஒண்ணும் தெரியல. நீதான லைட்டு வச்ச. பொண்ணு எப்பிடிடா கீது?"

என்னிடம் ஒரு கையும் ஒரு குரலும்தான் இருந்தன. பார்க்கவில்லை என்று சொன்னால், ஏன் என்று சொல்ல வேண்டும். "சரி" என்றேன். நேரில் பார்வையிடாமல் நான் ஒப்புதல் கொடுத்தது வாழ்க்கையில் அந்த ஒன்றுதான்.

பெண் வீட்டிலிருந்தும் சம்மதம் வந்தது. அவர்களுக்கு ஒரு சந்தேகமும் இல்லையாம். வெளிச்சம் முழுக்க என் மூஞ்சியில்தானே விழுந்தது.

இன்றைக்கும் கரண்ட் போனால் எங்கள் வீட்டில் யாரும் மெழுகுவத்தி தேடுவதில்லை. எல்லாரும் என் மனைவி பக்கம் திரும்புவார்கள். அவளும் ஏமாற்றுவதில்லை.

"அந்த டார்ச்ச எடுத்துக்கினு வந்து எதிர்ல உக்காருங்க. நீங்க இன்னும் பொண்ணு பாக்கல."