மௌனத்தைப் பற்றி இரண்டே நிமிடம்

மௌனத்தின் பெருமையை ஊரெல்லாம் பேசித் திரிகிற ஓர் இனம் இருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? விழுப்புரம், திண்டிவனம் பக்கம் இதற்குக் குறைச்சலே இல்லை. மைக்கைக் கண்டால் விடாது. "நான் ஜாஸ்தி பேசப்போறதில்ல, ரெண்டே நிமிஷம்" என்று தொடங்கும். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைக்கும், அப்புறம் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. நடுவில் கண்ணை மூடி, உதட்டில் விரல் வைத்து, "இதுதான் மௌனம்" என்று காட்டிவிட்டு, அது எப்படி இருந்தது என்று அரை மணி நேரம் விளக்கும். ஊருக்குத்தானே உபதேசம்!

இந்த இனத்தில் முதல் தரம், திண்டிவனம் பேராசிரியர் ஆரோக்கியராஜ். பாதிரியாராகப் போய்க் குருமடத்தில் ஓராண்டு படித்த லத்தீனும், ஓய்வு பெற்ற பிறகும் ஓயாத வாயும் அவருடைய சொத்து. ஆயிரத்து முந்நூறு வருடங்களுக்கு முன் கிறிஸ்தவ மடத்துத் துறவிகள் லத்தீனில் எழுதிய கவிதைகளில் மௌனம் என்னவெல்லாம் பேசுகிறது என்று விழுப்புரத்தில் கலைப்பிரியா என்ற பெண் ஆறு வருடம் ஆராய்ந்தாள். அவளுடைய வாய்மொழித் தேர்வுக்குத் தேர்வாளராக வேறு யாரை அழைப்பார்கள்?

அந்தத் தேர்வுக்கு ஒரு சட்டம் உண்டு. சபையிலிருந்து ஒருவராவது கேள்வி கேட்க வேண்டும், மாணவி பதில் சொல்ல வேண்டும், இரண்டும் அறிக்கையில் ஏற வேண்டும். இல்லையென்றால் தேர்வு செல்லாது. வம்பு எதற்கு என்று மாணவியே ஒரு கேள்வியை எழுதித் தோழியிடம் கொடுத்து வைப்பது வழக்கம். கலைப்பிரியாவும் தன் தோழி ஆர்த்தியிடம் ஒரு துண்டுச்சீட்டைக் கொடுத்திருந்தாள். ஐந்து மணிக்குள் அறிக்கையில் கையெழுத்து விழுந்தாக வேண்டும். விரிவுரையாளர் வேலைக்கு விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள்.

இரண்டரை மணிக்குக் கலைப்பிரியா எழுந்து "வணக்கம்" என்றாள். அத்தோடு அவள் பங்கு முடிந்தது.

"வணக்கம்னு சொன்னே பாரு, அதுக்கு முன்னாடி ஒரு மௌனம் இருந்துச்சும்மா!" என்று பிடித்துக்கொண்டார் ஆரோக்கியராஜ்.

மூன்று மணிக்குத் துறவிகளின் சாப்பாட்டுக்கூடம். மூன்றரைக்குத் தமது ரோம் பயணமும், விமானத்தில் சன்னலோர இருக்கை கிடைக்காமல் போனதும். நான்கு மணிக்கு, தம் மனைவி பிரபாவதி வீட்டில் வாயே திறப்பதில்லை என்ற பெருமை. அந்த அம்மாள் ஏன் திறப்பதில்லை என்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. ஆர்த்தி இரண்டு முறை கையைத் தூக்கினாள். "கடைசியில கேளும்மா" என்றார். குழந்தையைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைக்க வேண்டுமே, திண்டிவனம் பஸ்ஸைப் பிடிக்க ஓடியே போனாள், துண்டுச்சீட்டோடு.

கலைப்பிரியா கடிகாரத்தைப் பார்த்தாள். வாயைத் திறந்தால் பெரியவரை மறித்த பாவம், மூடிக்கொண்டிருந்தால் வேலை போச்சு. ஆறு வருட உழைப்பைக் கையில் வைத்துக்கொண்டு அழுகையை அடக்கி நின்றாள்.

நாலே முக்காலுக்கு அலுவலர் கோதண்டபாணி சாவிக்கொத்தோடு எட்டிப் பார்த்தார். "சார், அஞ்சுக்குப் பூட்டணுங்க."

"ரெண்டே நிமிஷம்" என்ற ஆரோக்கியராஜ், தொண்டை வறண்டு தண்ணீர் பாட்டிலைத் தூக்கினார்.

அந்த இடைவெளிக்காகவே காத்திருந்ததுபோல் கடைசி வரிசையில் வெள்ளையம்மாள் எழுந்தாள். கலைப்பிரியாவின் அம்மா. அன்றைய கூலியை விட்டுவிட்டு மயிலத்துப் பக்கமிருந்து பஸ் ஏறி வந்தவள்.

"ஐயா, நீங்க தண்ணி குடிங்க, அதுக்குள்ள நான் ஒண்ணு கேட்டுக்கறேன். ஏம்மா கலை, ஆறு வருசமா படிச்சிக்கினு கெடந்தியே, அந்தச் சாமியாருங்க ஏன் பேசாம இருந்தாங்க?"

"எல்லாரும் ஆசப்பட்டு இல்லம்மா. பெரியவங்க பேசுவாங்க, சின்னவங்க வாய மூடிக்கினு இருக்கணும். ரொட்டி வேணும்னாகூட கையாலதான் காட்டணும். அப்படி உள்ளயே கெடந்தத பாட்டுல எழுதி வச்சாங்க. எந்த எடத்துல நிறுத்தறாங்க, எத சொல்லாம விடறாங்கன்னு பாத்தா, அவங்க பயமும் தெரியுது, கோவமும் தெரியுது. அதத்தான் நான் எழுதியிருக்கறேன்."

"கழனியில மேஸ்திரி முன்னால நாங்க நிக்கிற மாரி" என்று சொல்லி உட்கார்ந்தாள் வெள்ளையம்மாள்.

ஆரோக்கியராஜ் பாட்டிலை இறக்கினார். "அருமை! இதைத்தான் நான்..." என்று தொடங்கியவரின் காதருகில் கோதண்டபாணி சாவிக்கொத்தைக் குலுக்கினார். கையெழுத்து விழுந்தபோது ஐந்துக்கு இரண்டு நிமிடம் இருந்தது. அறிக்கையில் பேராசிரியர் எழுதியது இது: "ஆய்வு நன்று. பட்டம் அளிக்கலாம். ஆனால் மாணவி பதிலைச் சுருக்கமாகச் சொல்லப் பழக வேண்டும்."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். இப்போதே பக்கத்தில் இருப்பவரிடம் திரும்பி, "எங்க ஆபீஸ்லயும் இப்படி ஒரு ஆளு இருக்கான், கேளேன்" என்று ஆரம்பிக்கப் போகிறீர்கள். தாராளமாக ஆரம்பியுங்கள். அதற்கு முன்னால் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: சற்று முன்பு அந்தப் பக்கத்திலிருப்பவர் உங்களிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தாரே, அது என்ன?