முன்னேறிய இருக்கை

உங்கள் நாற்காலி என்றைக்காவது உங்களைக் கும்பிட வைத்திருக்கிறதா? என்னுடையது வைக்கும். சிவப்பு விளக்கைக் கண்டு பிரேக்கை மிதித்தால், என் காரின் ஓட்டுநர் இருக்கை என்னையும் தூக்கிக்கொண்டு இரண்டு விரல் தூரம் முன்னால் வரும். நான் விளக்கைக் கும்பிடுவேன். பச்சை விழுந்ததும் 'டொக்' என்று பின்னால் போகும். நான் ஆகாயத்தைப் பார்ப்பேன். போக்குவரத்துச் சட்டத்துக்கு என்னளவு பணிந்து நடக்கும் ஆள் இந்த நகரத்தில் இல்லை என்பதைத் தன்னடக்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

மனித வரலாறே உட்கார இடம் தேடிய போராட்டம்தான். அந்தப் போராட்டத்தின் முன்வரிசையில் நிற்பவன் நான். இந்த வெளிநாட்டில் ஒரு பெரிய கிடங்கில், பெட்டிகளுக்கு விலாசம் ஒட்டும் பிரிவின் 'துணை ஒருங்கிணைப்பாளர்'. ஒட்டுகிறவனும் நானேதான். அங்கே நாற்காலி கிடையாது. உட்கார்ந்து பேசினால் கூட்டம் நீளும் என்று எங்கள் மேலாளர் ஏதோ பயிற்சி முகாமில் கற்றுக்கொண்டு வந்து, தினமும் காலையில் 'நின்றபடி கூட்டம்' நடத்துகிறார். கூட்டம் ஏன் நீளக் கூடாது என்பதை விளக்க அவருக்கு ஒரு மணி நேரம் ஆகும். கால் மரத்துப் போன பிறகு ஒட்டப் போவோம்.

அப்படிப்பட்டவன், ஓவர்டைம் பார்த்துப் பார்த்து வாங்கியதுதான் அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். ஓட்டுப் போடும் வயதைத் தாண்டிய கார். மொத்தமே இரண்டு இருக்கைகள். ஓட்டுநர் இருக்கை பட்டனை அழுத்தினால் மோட்டாரில் நகரும். பக்கத்து இருக்கையில் இதுவரை பயணம் செய்திருப்பது என் மதியச் சாப்பாட்டுப் பை மட்டும்.

என் மனைவி ஊரில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறாள். ஆள் குள்ளம். பெடல் எட்டுவதற்காக முதுகுக்குப் பின்னால் ஒரு பூப்போட்ட தலையணை வைத்துக்கொண்டுதான் ஓட்டுவாள். அப்படி ஓட்டியே பாதி ஊருக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்துவிட்டாள். ஒவ்வொரு வருஷமும், "நானும் அங்க வரட்டுமா?" என்று கேட்பாள். நானும் ஒரு குடும்பத் தலைவனுக்குரிய தொலைநோக்குடன், "இங்க இடமே இல்ல. முதல்ல நான் செட்டில் ஆகிக்கிறேன்" என்று சொல்வேன். அப்படிச் சொன்ன வாரம் ஒன்றில்தான் காரும் வாங்கினேன். இரண்டும் வெவ்வேறு இலாகா.

இந்த வருஷம் அவள் கேட்கவில்லை. டிக்கெட் எடுத்துவிட்டுத் தகவல் சொன்னாள்.

"திங்கக்கிழமை காலைல வந்து இறங்குறேன். நீங்க செட்டில் ஆகியிருந்தா அங்கேயே இருந்துடறேன்."

"இல்லைன்னா?"

"இல்லைன்னா திரும்பிடுவேன். அப்புறம் வரட்டுமான்னு கேக்க மாட்டேன்."

குரலை உயர்த்தவில்லை. குறுகலான சந்தில் ரிவர்ஸ் எடுக்கிறவனுக்குப் பாடம் சொல்லும் குரல் அது. அடுத்து இருப்பது சுவர்தான் என்று எனக்குப் புரிந்தது.

"என் கார்லயே வந்து கூட்டிட்டுப் போறேன்," என்றேன்.

"சீட்டு ஆடுதே, அதுலயா?"

"யார் சொன்னா ஆடுதுன்னு?"

"உங்க ஃப்ரெண்டு பக்கத்துல நடந்துகிட்டே எடுத்தாரே ஒரு வீடியோ. அதுல உங்க தலை ஆடிச்சு. ரோடு ஆடல."

ஆடுகிற இருக்கையில் உட்கார்ந்திருப்பவனை எந்த மனைவி நிலைபெற்றவன் என்று ஒப்புக்கொள்வாள்? ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் வீட்டுச் சமையலறையில் 'இருக்கை நிலைநிறுத்தல் உயர்மட்டக் குழு' கூடியது. தலைவர் நான். உறுப்பினர்கள் என்னோடு வாடகையைப் பங்கு போடும் இருவர். ஒருவர் ரொட்டிக் கடையில் மாவு பிசைகிறவர், எங்களுக்கு மூத்தவர். இன்னொருவன் ஆஸ்பத்திரியில் வெள்ளைக் கோட்டுகளைத் துவைப்பவன். அந்தக் கோட்டுகளுக்கு மரியாதையாக அவனை 'டாக்டர்' என்று கூப்பிடுவோம். தொழில்நுட்ப ஆலோசகர், என் போனில் வீடியோவாகத் தோன்றிய ஒரு தாடிக்காரர். அவர் பேசிய பாஷை எங்களுக்கு அரைகுறை. அதனால் அவர் கையை மட்டும் நம்பினோம்.

டாக்டர்தான் ஆரம்பித்தான். "சீட்டுக்கு அடில மஞ்சள் ஒயர் இருக்கு பாரு, அது ஏர்பேக். ஏடாகூடமா தொட்டா மூஞ்சி சப்பையாயிடும். மொதல்ல பேட்டரிய கழட்டு."

பாதுகாப்பே முதன்மை என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. பேட்டரியைக் கழற்றி எட்டத்தில் வைத்து, மேலே ஒரு துண்டையும் போர்த்தினோம். பிறகு போல்ட்டுகளைத் தேடினோம். பின்பக்கத்துப் போல்ட்டுகள் இருக்கைக்கு அடியில் ஒளிந்திருந்தன. இருக்கையை முன்னால் நகர்த்தினால்தான் ஸ்பேனர் நுழையும். பட்டனை அழுத்தினேன். அசையவில்லை.

"ஏன்டா நகர மாட்டேங்குது?" என்றார் ரொட்டிக்காரர்.

"கரண்ட் இல்லண்ணே."

"ஏன் இல்ல?"

மூவரும் துண்டு போர்த்திய பேட்டரியைப் பார்த்தோம். யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. உயர்மட்டக் குழுக்களுக்கு அந்தப் பண்பு உண்டு.

மறுபடி மாட்டி, இருக்கையை முன்னால் கொண்டுவந்து பின் போல்ட்டைக் கழற்றி, பின்னால் தள்ளி முன் போல்ட்டைக் கழற்றி, மறுபடி பேட்டரியைக் கழற்றி, ஒருவழியாக இருக்கையை வெளியே தூக்கிப் புல்லில் கவிழ்த்தோம். அது இருந்த இடத்தில் ஒரு ஹேர்பின்னும், ஒரு குழந்தையின் சாக்ஸும், இரண்டு சினிமா டிக்கெட்டும் கிடந்தன. எந்தக் காலத்திலோ அந்தக் காரில் ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டு போயிருக்கிறது. விசாரணைக்குச் சம்பந்தமில்லாதது என்பதால் குழு அதைப் பதிவு செய்யவில்லை.

நோய் தண்டவாளத்தில் இருந்தது. இருக்கை வழுக்கி ஓடும் இரும்புக்குள் ஒரு பிளாஸ்டிக் துண்டு, நகத்தளவு தடிமன், தேய்ந்து போயிருந்தது. இருக்கையின் பாகம் எதுவும் தனியாகக் கிடைக்காது, முழு இருக்கையாக வாங்கிக்கொள்ளுங்கள் என்று உதிரிபாகக் கடையில் முந்தின நாளே கைவிரித்திருந்தார்கள். ரொட்டிக்காரர் உள்ளே போய், எங்கள் வீட்டின் ஒரே காய் நறுக்கும் பலகையை எடுத்துக்கொண்டு வந்தார்.

"கெட்டி நைலான். இத்தனை வருஷமா என் கத்திக்கே ஈடு கொடுத்திருக்கு. உன் பின்பக்கத்துக்குக் கொடுக்காதா? எவ்வளவு தடிமன் வேணும்?"

"அண்ணே, ஆடவே கூடாது."

"அது எவ்வளவு தடிமன்?"

"ஆடவே கூடாத அளவு."

நகத்தளவு துண்டு இருந்த இடத்தில் விரலளவு துண்டை வைத்துச் சுத்தியலால் அடித்து இறக்கினோம். இருக்கையை ஏற்றி, முன் போல்ட்டை முடுக்கி, பேட்டரியை மறுபடி மாட்டினோம். பின் போல்ட்டுக்காக அதை முன்னால் நகர்த்தியபோது பிரசவ வார்டு மாதிரி முனகியது. "அது டைட்டா இருக்குற சத்தம்," என்றான் டாக்டர். மூன்று பேரும் ஸ்பேனரில் தொங்கினோம். கடைசிப் போல்ட்டின் தலை மழுங்கி வழவழவென்று ஆனது. இனி அதைக் கடவுளாலும் கழற்ற முடியாது.

இருக்கையைப் பிடித்து ஆட்டினேன். கார்தான் ஆடியது. ஒரு சிறிய உரை நிகழ்த்திவிட்டு, பின்னால் போகும் பட்டனை அழுத்தினேன். மோட்டார் 'ம்ம்ம்' என்றது. லேசாகக் கருகல் வாசனை வந்தது. அப்புறம் ம் என்றும் சொல்லவில்லை.

"ஆடுதா?" என்றார் ரொட்டிக்காரர்.

"ஆடல."

"அசையுதா?"

"அசையல."

"ஆடாம அசையாம இருக்கணும்னுதானடா கேட்ட."

இருக்கை முன்கோடியில் நிரந்தரமாகக் குடியேறியிருந்தது. உள்ளே நுழைந்து உட்கார்ந்தேன். ஸ்டீயரிங்குக்கு இரண்டு பக்கமும் முழங்கால். வயிறு ஸ்டீயரிங் நடுவில். மூச்சை உள்ளே இழுத்தால் ஹாரன் அடித்தது. அப்போது மனைவி போன் செய்தாள். விமானம் ஏறப் போகிறாள்.

"வண்டி ரெடியா?"

"மலை மாதிரி நிக்குது."

ஹாரன் அடித்தது.

"என்ன சத்தம்?"

"இங்க டிராஃபிக் ஜாஸ்தி."

"இன்னைக்கு லீவுன்னீங்க. வீட்டு வாசல்ல டிராஃபிக்கா?"

நான் மூச்சு விடாமல் இருந்தேன்.

"சரி, நீங்க செட்டில் ஆயிட்டீங்களா?"

"ஆயிட்டேன்."

அதில் துளி பொய் இல்லை. என்னால் எழுந்திருக்கவே முடியவில்லை. டாக்டர் தோளையும் ரொட்டிக்காரர் இடுப்பையும் பிடித்து இழுத்து எடுத்தார்கள். யார் தயவும் இல்லாமல் ஒரு தனிமனிதன் தன் இடத்தைத் தானே உருவாக்கிக்கொள்ள முடியும் என்பதற்கு, புல்லில் விழுந்து கிடந்த நான் ஒரு வாழும் உதாரணம்.

மறுநாள் காலை, விமான நிலைய வாசலுக்கு ஹாரன் அடித்தபடியே போய்ச் சேர்ந்தேன். அவள் கையில் பெட்டியும் பூப்போட்ட தலையணையும் இருந்தன. காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். கை கொடுத்து என்னை வெளியே இழுத்தாள். சாவியைக் கேட்டாள்.

"இங்க ஓட்ட தனி லைசென்ஸ் வேணும்," என்றேன்.

பையிலிருந்து வெளிநாட்டில் ஓட்டும் உரிமத்தை எடுத்துக் காட்டினாள்.

"வருஷா வருஷம் புதுப்பிச்சு வச்சேன். நீங்க வருஷா வருஷம் இடமில்லைன்னீங்க."

ஏறி உட்கார்ந்தாள். பெடல் எட்டியது. முதுகு சாய்ந்தது. இருக்கை ஆடவில்லை. என் அளவுக்கு நானே செய்த இடத்தில் அவள் அச்சாகப் பொருந்தினாள். நான் சாப்பாட்டுப் பை இருக்கும் இடத்தில் உட்கார்ந்தேன். பெட்டி டிக்கியில் அடங்காததால் என் மடிக்கு வந்தது.

"நம்ம வீடு எந்தப் பக்கம்?" என்றாள்.

இடது பக்கம் என்றேன். தலையணை அவளுக்குத் தேவைப்படவில்லை. அதைப் பெட்டிக்கு மேல் போட்டுவிட்டு வண்டியை எடுத்தாள்.